பிரேக் டீச்சரின் ஐந்து நாள் வகுப்பு

பிரேக் டீச்சர் வீடு எது என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்த யாரும் வழி காட்டுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையில் டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் கோட்டை விட்டால் டீச்சர் மிதிப்பார். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போனதால், பஸ்ஸில் போனாலும் டாக்சியில் போனாலும் அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வரும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் இருக்கைக்காரர் முதுகில் உதை விழும். அதற்காக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை, "நீங்க ஏன் இவ்வளவு பக்கத்துல உட்காந்தீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார்.

பாராட்டுவதில் படு கஞ்சம். "நல்லா ஓட்டுறீங்க" என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று மட்டும், "பாஸ்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வங்கி மேனேஜர் ஒருவர் எட்டு மாதம் தவம் கிடந்தார்.

கணவர் நேர் எதிர். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பெரியவர்களின் சிரிப்பு அவர் கைவேலை. அதிர்ந்து பேசத் தெரியாது. வேலைக்கு நடுவில் சட்டைப்பையில் போட்ட மாதிரிப் பல்செட்டை மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சலவை மெஷினுக்குள்ளிருந்து அது டீச்சரைப் பார்த்துச் சிரித்த நாட்கள் உண்டு.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். குழந்தை இல்லை. தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்து, காகிதம் காகிதமாக நான்கு வருடம் ஓடியது. ஒருநாள் கடல் தாண்டிய நாட்டிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை. முதலில் நேரில் வந்து, இல்லத்தில் குழந்தையோடு ஐந்து நாள் பழக வேண்டும். அதிகாரி பக்கத்திலிருந்து பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கை நன்றாக இருந்தால்தான் கோப்பு கோர்ட்டுக்குப் போகும். பிறகு சில மாதத்தில் மறுபடி வந்து அழைத்துப்போகலாம்.

டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை. ஓடாத கையால் முதலில் செய்த காரியம், மாணவர்களுக்கு எழுதும் பயிற்சி அட்டை ஒன்றை எடுத்து எழுதியதுதான். முதல் நாள் அறிமுகம். இரண்டாம் நாள் விளையாட்டு. மூன்றாம் நாள் கை பிடித்து நடப்பது. நான்காம் நாள் மடியில் கதை. ஐந்தாம் நாள் கட்டிப்பிடிப்பது.

கணவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "கட்டிப்பிடிக்கிறதுக்குக்கூடத் தேதியாம்மா?"

"எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்குங்க. எடுத்த எடுப்புல நாலாவது கியர் போட முடியுமா?"

இல்லம் மஞ்சள் சுண்ணாம்படித்த மாடிக் கட்டிடம். நீளமான நடையில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாக இருந்தன. கோட்டு மாட்டும் ஆணிகளின் மேல், எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்காகப் படம் ஒட்டியிருந்தார்கள்: மீன், குடை, ஆமை. இவர்கள் பார்க்க வந்த குழந்தையுடையது ஆமை. அதிகாரி அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண் நம் மொழியைப் புத்தகத்திலிருந்து மட்டுமே கற்றவள். "தாங்கள் களைப்புற்றிருக்கிறீர்களா?" என்று அவள் கேட்டதும் டீச்சருக்கு யாரோ தலையில் கிரீடம் வைத்ததுபோல் ஆகிவிட்டது.

அதிகாரி படிவத்தைக் காட்டி விளக்கினார். அதில் இரண்டு கட்டங்கள், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. குழந்தை தானாக நெருங்கி வந்து தொட வேண்டும். நாம் கூப்பிட்டோ கை நீட்டியோ வந்தால் அது கணக்கில் சேராது.

"அவ்வளவுதானே?" என்றார் டீச்சர்.

முற்றத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பெடல் மிதிக்கும் சிவப்புத் தகரக் கார் ஒன்றில் குழந்தை உட்கார்ந்திருந்தது. இரட்டைப் பின்னல், முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. புகைப்படத்தில் பார்த்ததைவிட நூறு மடங்கு அழகு. டீச்சர் வாயெல்லாம் பல்லாக இரண்டடி எடுத்து வைத்தார். அதே நேரம் குழந்தை பெடலை மிதித்து, எதிர்ச் சுவரை நோக்கி விர்ரென்று பாய்ந்தது.

பத்தொன்பது வருடத்துக் கால் யோசிக்குமா? டீச்சர் ஓடிப்போய் முன் சக்கரத்தில் காலை வைத்து ஒரே அழுத்து. கார் அப்படியே நின்றது. குழந்தையின் மூக்கு ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

"முன்னாடி பாக்கல, ஹாரன் அடிக்கல, இப்பிடியா வண்டி ஓட்டுவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குப் புரிந்தது. மொழிபெயர்ப்புப் பெண்ணுக்கு நல்ல மனசு, வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இல்லை. குழந்தை அந்தக் காலைப் பார்த்தது, டீச்சர் முகத்தைப் பார்த்தது, இறங்கி, காரை இழுத்துக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது சட்டென்று திருப்புவதுதான் அதன் தினசரி விளையாட்டாம். இதுவரை ஒருநாளும் இடித்ததில்லையாம். இல்லத்து ஆயா பிறகு சொன்னார்.

அறிமுகம் அத்தோடு முடிந்தது.

பல்செட்காரர் எதிலும் தலையிடாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சட்டைப்பையில் தங்கிவிட்ட மாதிரிப் பல்லை எடுத்து டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தார். பதற்றம் வந்தால் அவர் அப்படித்தான். கால் மணி நேரத்தில் குழந்தை அவர் முழங்காலில் கை ஊன்றி நின்றது. சாயங்காலத்துக்குள் அந்தப் பல்செட், அதிகாரியின் கோப்பு ஓரத்தை இரண்டு முறை கடித்துவிட்டது. முதல் நாளே அப்பா கட்டத்தில் டிக் விழுந்தது.

டீச்சருக்குச் சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமையேதான்.

"பல்லக் காட்டியே மயக்கிட்டீங்க" என்றார் விடுதி அறையில்.

"நான் ஒண்ணுமே செய்யலம்மா."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணும் செய்யாமலே பாஸ் ஆயிட்டீங்க."

இரண்டாம் நாள் டீச்சரின் பாச்சா எதுவும் பலிக்கவில்லை. அவர் இரண்டடி முன்னால் போனால் குழந்தை இரண்டடி பின்னால் போனது. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வேண்டும் என்று மாணவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவர் அவர். இந்தக் குழந்தைக்கோ அது சொல்லித்தராமலே வந்திருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் போட்டார்.

மூன்றாம் நாள் இல்லத்து வேனில் மிருகக்காட்சிசாலைக்குப் போனார்கள். டிரைவர் தொப்பை பெருத்த உற்சாகமான ஆள், வளைவில்கூடப் பாட்டை நிறுத்தாதவர். பின் இருக்கையில் ஒரு ஓரம் அப்பா, நடுவில் குழந்தை, அடுத்த ஓரம் டீச்சர். பார்த்துப் பார்த்து ஓட்டினாலே மிதிக்கிற கால், இந்த ஓட்டத்துக்குச் சும்மா இருக்குமா? சிக்னல் சிவப்பாக மாறியது. டீச்சர் தரையை ஓங்கி மிதித்தார். வேன் நின்றது. குறுக்கே ஒரு நாய் வந்தது. டீச்சர் மிதித்தார். வேன் நின்றது.

குழந்தை மெதுவாகத் தலையைக் குனிந்து அந்தக் காலைப் பார்த்தது. அடுத்த சிக்னலில் கண்ணை எடுக்காமல் பார்த்தது. நாலாவது தடவையில் அதற்கு உறுதியாகிவிட்டது: இந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே வேனை நிறுத்துகிறாள்!

பிறகு என்ன? இருக்கையின் நுனிக்கு நழுவி வந்து, எட்டாத காலை எட்டிப்போட்டுத் தானும் ஒரு மிதி மிதித்தது. டிரைவர் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாலை காலியாக இருந்ததால் சட்டென்று பிரேக் போட்டார். குழந்தை வீல் என்று கத்திச் சிரித்தது. அப்புறம் போகிற வழியெல்லாம் அதுதான் வேலை. அன்றைக்கு யானையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் இறங்கியதும் குழந்தை பிடித்துக்கொண்டது அப்பா கையைத்தான்.

நான்காம் நாள் மழை. இல்லத்தின் மாடி அறையிலேயே இருந்தார்கள். குழந்தை ஒரு கை தூரத்தில் வந்து நின்று தரையை ஒரு மிதி மிதித்துவிட்டு ஓடியது. டீச்சர் பதிலுக்கு மிதித்தார். மறுபடி வந்து மிதித்தது, ஓடியது. கீழே இருந்தவர்கள் ஏறி வந்து என்ன சத்தம் என்று கேட்கும் வரை இது நடந்தது. தொட்டதா? தொடவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மா கட்டம் வெறுமையாக இருந்தது. அதிகாரியின் முகத்திலும் வருத்தம்தான்.

"இது தோல்வியன்று, அம்மையீர்" என்று மொழிபெயர்ப்புப் பெண் கலங்கிய குரலில் சொன்னாள். "ஆறு திங்கள் கழித்துத் தாங்கள் மீண்டும் வருகை தர வேண்டும். அதுவரை கோப்பு காத்திருக்கும்."

எத்தனை பேரிடம் டீச்சர் இதைச் சொல்லியிருக்கிறார், பிறகு வாங்க, பயிற்சி போதாது என்று! கேட்பவருக்கு அது இப்படி வலிக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"பரவாயில்லம்மா" என்றார். "ஃபெயில் ஆனவங்க திரும்ப வர்றதுதானே முறை."

நடையில் நின்றபோது கணவரிடம் மெல்லச் சொன்னார். "அன்னிக்கு நான் கால நீட்டாம இருந்திருக்கலாம்."

"உனக்கு இருக்கிறது அந்தக் கால்தானேம்மா. வேற காலுக்கு எங்க போவ?"

விமான நிலையத்துக்கு அதே வேன். வாசலில் ஆயாவோடு குழந்தை நின்றது. கையில் அப்பா கொடுத்துவிட்டு வந்த பல்செட். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையசைத்தால் அழுதுவிடுவோம் என்று மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேன் கிளம்பியது. அவருடைய கால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அசையாமல் கிடந்தது.

டங் என்று ஒரு சத்தம்.

வேன் குலுங்கி நின்றது. டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். வாசலில் சாக்கடையை மூடியிருந்த இரும்பு மூடியின் மேல் குழந்தை வலது காலை ஊன்றி நின்றது. விளையாட்டு என்று நினைத்து டிரைவர் கொஞ்சம் நகர்த்தினார். டங்! மறுபடி நின்றது. இந்த முறை குழந்தை சிரிக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் இறுக்கி, தன் பாரம் முழுவதையும் அந்தக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு, அழுதது.

கதவைத் திறக்கும் முன் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாக டீச்சர் போதித்த முதல் பாடம் அது. பார்க்கவில்லை. இறங்கி ஓடினார். ஒரு கை தூரம் வந்ததும் நின்றார். படியில் அதிகாரி. கூப்பிடக்கூடாது, கை நீட்டக்கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குழந்தை வரவில்லை. டீச்சரைப் பார்த்தது, வேனைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது. இன்னும் அழுத்தி மிதித்தது.

அங்கிருந்த எல்லோரிலும் டீச்சருக்கு மட்டும்தான் அது புரிந்தது. காலை எடுத்தால் வேன் போய்விடும். எப்படி வரும், பாவம்?

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். குழந்தையின் சின்னச் செருப்புக்குப் பக்கத்தில், அதே மூடியின் மேல், தன் வலது காலை வைத்து அழுத்தினார்.

"நான் மிதிச்சுக்கிறேன். நீ எடு."

மொழி புரியாவிட்டால் என்ன? குழந்தை அந்தக் காலைப் பார்த்தது. வேன் நிற்கிறதா என்று கடைசியாக ஒருமுறை சரிபார்த்தது. பிறகு தன் காலை எடுத்து, டீச்சர் புடவையைப் பிடித்து, மரம் ஏறுவதுபோல ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்புப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மையீர், அதிகாரி அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டார்! நிரப்பிவிட்டார்!" என்றவள், புத்தகத்தில் இல்லாத விதமாக மூக்கை உறிஞ்சினாள்.

"நாங்க மறுபடி எப்ப வரணும்னு கேட்டு வைம்மா, தேதியக் குறிச்சுக்கலாம்" என்றார் கணவர். அவர் குரலும் சரியில்லை.

டீச்சர் எதையும் காதில் வாங்கவில்லை. வியர்த்த சின்னத் தலையில் கன்னத்தை வைத்து, "பாஸ்" என்றார், "பாஸ், பாஸ், பாஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிரைவர் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நின்றார். அப்போதும் டீச்சர் மூடியிலிருந்து காலை எடுக்கவில்லை.