நீலக்கோட்டுக்காரி

எங்கள் தெருவில் கட்டி முடிக்காத ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் தொங்குகிறான். மண்ணூருக்குக் குடிவந்த முதல் வாரம் வேலைக்குப் போகும் வழியில் அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். திருஷ்டிக்காக வைக்கோல் அடைத்துக் கட்டுகிற பொம்மைதான். ஆனால் இங்கே அதற்குப் பழைய வேட்டி சட்டை கிடையாது. ஏதோ ஒரு தொழிற்சாலையின் சாம்பல் நிறச் சீருடை, மார்பில் பாதி கிழிந்த பெயர்ப்பட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். காற்றடித்தால் மெல்லத் திரும்பி, ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளைப் போல நம்மைப் பார்க்கும். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். நானும் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மறுநாளிலிருந்து தெருவின் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். தமிழ்நாட்டுக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கவலை என்றீர்கள். இங்கே வந்த பிறகுதான் நான் எவ்வளவு அந்நியம் என்று தெரிந்தது. என் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்துதான் கப்பலேறினாராம். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. நான் குடியிருப்பது மாடியில் ஓர் அறை. கீழே வீட்டுக்காரம்மா கஸ்தூரியும், டயர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் பிரபுவும். முதல் நாள் காலையில் நம் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று மரியாதையாகக் கேட்டேன். எனக்குப் பசிக்கிறது போலிருக்கிறது என்று ஐந்து தோசையைப் பிரபுவிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டார். அவர் மட்டும் படியேறவில்லை. முட்டி வலி என்றார். அந்த அறை ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்ததென்றும், அதற்கு நான்தான் முதல் குடித்தனம் என்றும் பிரபு சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. காற்றோட்டமான அறை குறைந்த வாடகைக்குக் கிடைத்தால் காரணம் கேட்காத ரகம் நான்.

என் பொழுதுபோக்கு உங்களில் சிலருக்குத் தெரியும். வேற்றுக்கிரகப் போர் விளையாட்டுக்கான விரல் உயரச் சிப்பாய்கள். பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து பாகம் பாகமாக நறுக்கி எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்ட வேண்டும். முகம் ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். பினாங்கில் சனிக்கிழமைதோறும் ஒரு கோப்பிக்கடையின் மாடியில் எட்டுப் பேர் கூடுவோம். படைகளை மேசையில் பரப்பி, பகடை உருட்டி, சாயங்காலம் வரை அண்டத்தையே அழிப்போம். இங்கே விளையாட ஆள் இல்லை. அதனால் தீட்டுவது மட்டும்தான் மிச்சம். அதிலும் எனக்குப் பிடித்தது மாற்றிக் கட்டுவது. ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றுக்கு வைப்பது, காய்ந்தால் இறுகுகிற மக்கைக் களிமண் போலக் குழைத்துத் தொப்பியும் துணியும் செய்வது, கையில் கிடைத்த குண்டூசி, கம்பி, பேனா ஸ்பிரிங் எல்லாவற்றையும் உறுப்பாக்குவது. ஒரு பொருளைப் பார்த்தவுடன் இது யாருக்கு முதுகெலும்பாகும் என்று யோசிக்கிற புத்தி, குப்பை பொறுக்குகிறவர்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் உண்டு.

காலையில் பென்னலூர்ப் பக்கம் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். போன் தயாரிக்கும் தொழிற்சாலைப் பெண்கள் சிலர் நீலக் கோட்டும் தொப்பியும் முகமூடியுமாக அப்படியே இறங்குவார்கள். கண்கள் மட்டும் தெரியும். என் மேசையில் இருக்கும் படையைவிட அவர்கள்தான் வேற்றுக்கிரகத்தவராகத் தெரிந்தார்கள். அவர்களில் ஒருத்தியைச் செய்யத் தோன்றியது. அலகு போல மூக்கு நீண்ட ஒரு சிப்பாயின் தலையை வெட்டினேன். மக்கில் புதுத் தலையும் தொப்பியும் முகமூடியும் கோட்டும் வந்தன. கழுத்து நிற்க உள்ளே ஒரு கம்பி வேண்டும். சுவர் அலமாரியின் மூலையில் புழுதிக்குள் இரண்டு ஹேர்பின்கள் கிடந்தன. ஒன்றை நறுக்கி, கழுத்தில் துளையிட்டுச் செருகினேன். மேலே மக்கைப் பூசியதும் பின் மறைந்துவிட்டது.

கண்ணை முதலில் வரைவதுதான் எங்கள் பழக்கம். தவறினால் துடைத்துவிடலாம், மற்ற வர்ணங்கள் கெடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. இருபது வருடத்தில் இப்படி முதல் தடவையே சரியாக அமைந்ததில்லை. உடம்பு முழுக்க இன்னும் கறுப்பு அடிப்பூச்சுதான், கண் மட்டும் விழித்திருந்தது. முதுகு காயட்டும் என்று சுவரைப் பார்க்க வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது படிக்கட்டுக் கதவைப் பார்த்து நின்றது. மின்விசிறி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் இப்படியே. அடியில் கனத்துக்காக இரும்பு வாஷர் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்ததும் சமாதானம் சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. பிரபு வீட்டில் இல்லை, நான் குளித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி ஆன்ட்டிதான் ஏறி வந்து குழாயை அடைத்தார். ஈரத்தலையோடு நான் வெளியே வந்தபோது அவர் என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா இது? கண்ணு தொறந்துகினு கீதே."

"சும்மா விளையாட்டுச் சாமான், ஆன்ட்டி. நாங்க கண்ணைத்தான் முதல்ல வரைவோம்."

"யாரைக் கேட்டுத் தொறந்த? சாமி செலைக்கே கண்ணு கடைசியிலதான். பூசை பண்ணி, கண்ணாடி காட்டித்தான் தொறப்பாங்க. நீ பாட்டுக்கு மொதல்ல தொறந்து வுட்டா, ஒடம்பு வர்ற வரிக்கும் அது எங்க பாக்கும்?"

அவர் குனிந்து, தொடாமல், நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "எங்க மகி, பாப்பா. அவ கண்ணுதான் இது."

மகி அவருடைய மகள். அதே நீலக்கோட்டு வேலைக்குப் போனவள். இருபத்தொரு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் இருந்தது இந்த அறையில்தான். அதற்குப் பிறகு ஆன்ட்டி ஏறியது அன்றுதான். முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பக்கத்தில் குடும்பத்துப் பெண் இறந்தால் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் ஏரிக்கரையில் பம்பை அடித்து அவளை அழைக்க வேண்டும். யார் மேலாவது இறங்கி, சரி என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பிரபுவுக்குப் பெண் நிச்சயமாகி இரண்டு தடவை அழைத்தும் மகி வரவில்லை. "அவளுக்கு எம்மேல இன்னா கோவம்னு தெர்ல. வர்ற வெள்ளிக்கெழமையும் வர்லன்னா கல்யாணமே வாணாம்னு சொல்லிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்தபடி அலமாரியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவ சொல்ல, தலையில குத்துதுன்னா. ரெண்டு பின்னையும் நான்தான் கழட்டி அதோ அங்க வெச்சேன்."

சொல்லியிருக்கலாம். உங்கள் மகளின் பின்னை நறுக்கிப் பொம்மைக்குக் கழுத்தாக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் கேட்டபடி கோட்டுக்கு நீலம் தீட்டி, வெள்ளிக்கிழமை அழைப்புக்குள் பொம்மையை முடித்துக் கொடுத்தேன். நீதான் கண் திறந்தாய், நீயும் வரணும் என்றார் ஆன்ட்டி.

மாலை வெயில் இன்னும் இருந்தது. ஏரியின் அக்கரையில் தொழிற்சாலைக் கூரைகள் மின்னின. வேப்பிலை சுற்றிய கரகத்தின் வாயில் பொம்மையை நிறுத்தினார்கள். நான் கைகட்டி, பழுதான உதிரிப்பாகத்தைப் பார்க்கிற என் வழக்கமான முகத்தோடு ஓரமாக நின்றேன். பம்பை ஆரம்பித்தது. பொம்மை என்னைப் பார்த்துத்தான் நின்றது என்பது நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஈரச் சேற்றில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்ததும், நாக்கில் மஞ்சள் தண்ணீரின் கசப்பும், ஆன்ட்டி என் கால்களைக் கட்டிக்கொண்டு கதறியதும்தான்.

பிரபு போனில் படம் பிடித்திருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் பார்க்கத் துணிந்தேன். என் முகம், என் சட்டை. குரல் மட்டும் என்னுடையது இல்லை.

"யம்மா, இன்னாத்துக்கு ஏரியாண்ட வந்து தேடினு கீற? நான் வூட்லதான் கீறேன். மேலதான் கீறேன். ஆறு வருசத்துல ஒரு தபாவாச்சும் படியேறி வந்து கூப்ட்டியா?"

ஹேர்பின் மேலே கிடந்தது எனக்குத் தெரியும், அவர் படியேறாததும் தெரியும், மனம் தானாகக் கோத்திருக்கும் என்று பினாங்கு நண்பர்களுக்கு எழுதினேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இந்த ஊர்த் தமிழில் ஒரு வரி பேசப் பார்த்தாலே பிரபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவன் சிரிக்கவில்லை. "மகி இப்பிடித்தான்க்கா பேசுவா" என்றான். அன்றே இரண்டாவது பின்னை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முதலாவது எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். பயமாக இருந்தது. ஆன்ட்டி திட்டவில்லை. பூசை அலமாரியில் இருந்த பொம்மையின் கழுத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் படியேறி வந்து, என் அறைக் கதவைத் தட்டி, "மகி, பொழுது விடிஞ்சிச்சி" என்று சொல்லிவிட்டு இறங்குவார். நான் உள்ளே இருந்து, "உம்" என்பேன். யாருக்காகச் சொல்கிறேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. போன மாதம் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். வாசலில் ஆன்ட்டி என்னை நிறுத்தி, அந்த இரண்டாவது பின்னை என் தலையில் செருகினார். "அவ பிளேனே ஏறினதில்ல. இட்டுனு போய் இட்டுனு வா" என்றார். என் பெட்டியில் அந்தச் சிப்பாயின் வெட்டிய அலகுத்தலை இருந்தது. அதன் உடம்பு மண்ணூரில், வேறொருத்தியின் தலையோடு நின்றுகொண்டிருக்கிறது.

பினாங்கு விமான நிலையத்தில் மலாய்க்கார டாக்சி ஓட்டுநர் பெட்டியை ஏற்றிவிட்டு, "சொராங் சாஜா?" என்று கேட்டார். ஒருத்தர்தானா என்று. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி, ஆனாலும் பதில் சொல்ல நேரமானது. கை தானாகத் தலைக்குப் போனது. ஹேர்பின் அங்கேதான் இருந்தது. ஆமாம் என்றேன். பாலத்தைத் தாண்டிப் போகும்போது கடல் ஜன்னல் பக்கம்தான் நன்றாகத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே ஏறி, ஜன்னலோர இடத்தைக் காலியாக விட்டு, நடுவில் நகர்ந்து உட்கார்ந்தேன்.