சன்ஷேடு வைத்த கோட்டை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை; ஏழாம் வகுப்பில் சுத்தமாக வராது. கரண்ட் பில், ரேஷன் கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வீட்டில் நான்தான் படித்துச் சொல்வேன். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கின் ஐந்தாவது மாடியில் பாதி வீடுகளுக்கும் நான்தான் படித்துச் சொல்வேன். அதனால் உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி எனக்குத் தெரியும் என்றும், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்பா கொத்தனார். பூச்சு வேலைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அம்மா கீழ்க்கட்டளையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் வேலை செய்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தாள். கதவு இரண்டானாலும் அவள் குரலுக்கு அது ஒரே வீடு.

அந்த வருடம் பள்ளியில் சமூக அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். சார் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். எனக்கு வந்த சீட்டில் 'இடைக்கால ஐரோப்பியக் கோட்டை' என்று இருந்தது. மற்றவர்கள் தெர்மாகோல் வாங்கப் போனார்கள். நான் நூலகப் புத்தகத்தில் ஒரு கோட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, தெர்மாகோலில் இதைச் செய்வது கோட்டைக்கே அவமானம் என்று நினைத்தேன்.

டீச்சர் வீட்டில் ஒரு பெட்டி நிறைய பிளாக்ஸ் இருப்பதாக அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கற்கள். பெங்களூரிலிருக்கும் பேரன் லீவுக்கு வந்தால் விளையாடுவது. நான் அழுது, சாப்பிடாமல் இருந்து, கடைசியில் அம்மாவைக் கேட்க வைத்தேன். எட்டு வருடத்தில் அந்த வீட்டில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். டீச்சர் யோசிக்காமல் கொடுத்தார். ஒன்று மட்டும் சொன்னார்: சனிக்கிழமை மத்தியானம் பேரன் வருகிறான், அவனுக்கு ஒவ்வொரு துண்டும் மனப்பாடம், அதற்குள் பெட்டி வந்துவிட வேண்டும், போனது போனபடியே.

"போனது போனபடியே" என்று அம்மா வீட்டுக்கு வந்து மூன்று முறை சொன்னாள்.

கிராஃப் தாளில் வரைபடம் போட்டேன். நான்கு மூலையில் நான்கு கோபுரம், நடுவில் வாசல், வாசலில் நூல் கட்டித் தூக்கி இறக்கும் பாலம், மதிலின் தலையில் பல்லுப் பல்லாகத் தடுப்பு, சுற்றிலும் நீல பாலிதீன் கவரில் அகழி. முதல் கோபுரம் முழங்கை உயரம் வந்ததும் சாய்ந்தது. மறுபடி கட்டினேன், மறுபடி சாய்ந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு வருது பாரு பாப்பா. அதான் நிக்கல."

ஒரு வரிசையின் இடுக்கு மேல் அடுத்த வரிசையின் கல் உட்காரும்படி மாற்றிக் கட்டினேன். நின்றது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் வகுப்பில் அதை நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் கோட்டை முடிந்தது. அத்தை வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கல்யாண வூட்டு சீரியல் லைட்டு மாரி கலர் கலரா கீது?"

அவள் சொன்னது உண்மை. சாம்பல் நிறக் கற்கள் ஒரு கோபுரத்துக்கே போதவில்லை. மீதியெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை, ரோஸ். சார் வேறு எச்சரித்திருந்தார்: "கல்லுல கட்டின மாதிரி இருக்கணும். பிறந்தநாள் கேக் கொண்டுவந்தா வெளியில நிக்க வெச்சிடுவேன்." நான் அழுதேன். இரவல் சாமானுக்குப் பெயின்ட்டும் அடிக்க முடியாது, கண்காட்சியோ வெள்ளிக்கிழமை, மானம் போகப் போகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அப்பா குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சைட்டுக்கு மணல் லோடு வரவில்லை என்று அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். நான்கரை மணிக்கு நான் பள்ளியிலிருந்து வந்தேன். வாசலில் கலவை அள்ளும் பாண்டுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளே என் கோட்டை இல்லை. அதே இடத்தில், அதே அளவில், சாம்பல் நிறத்தில் வேறொரு கோட்டை நின்றது.

அப்பா அதற்கு சிமென்ட் பூசியிருந்தார்.

ஏதோ அப்பி வைத்ததாக நினைக்க வேண்டாம். விரல் கனத்துக்குக்கூட வராத மெல்லிய பூச்சு. கொத்துக்கரண்டி முனையால் கோடு இழுத்து ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகக் காட்டியிருந்தார். மதிலின் பற்களெல்லாம் கூர்மையாக இருந்தன. போதாததற்கு, ஒவ்வொரு சன்னலுக்கு மேலும் குட்டியாக ஒரு சன்ஷேடு. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இப்போ கல்லு மாரி கீதா?"

பையைத் தோளிலிருந்து இறக்காமலே கத்தினேன்.

"அது இரவல் சாமான்பா! நாளன்னிக்குத் திருப்பித் தரணும்! எல்லாத்தையும் சேத்து ஒட்டி வெச்சிருக்கியே, எப்படிப்பா கழட்டுறது?"

"பொறு பாப்பா, காயட்டும்…"

"உனக்கு எதுனா தெரியுமா? படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அப்பா எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த கரண்டியை மறுபடியும் கழுவினார்.

அம்மா வந்து பார்த்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எட்டு வருசம்… ஒரு டம்ளர் சக்கரை கேட்டதில்ல அந்த வூட்ல" என்றாள். இனி அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு ஏறுவது என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பேரன் வந்து பெட்டியைத் திறப்பான், உள்ளே ஒரே ஒரு சிமென்ட் மலை இருக்கும். டீச்சர் திட்டமாட்டார். திட்டாமல் இருப்பார் என்பதுதான் அம்மாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சமைக்க எழுந்தவள் அடுப்படியிலிருந்து இன்னொரு கூச்சல் போட்டாள். எண்ணெய் பாட்டிலில் பாதியைக் காணோம். மாதக் கடைசியில் அரை பாட்டில் எண்ணெயை யார் யாருக்குக் கொடுத்தது? அத்தை, தன்னைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "நான் இன்னா உன் வூட்டு எண்ணெலதான் வடை சுட்டுகினு கீறனா?" என்று கிளம்பினாள். எண்ணெய்ச் சண்டையில் கோட்டைச் சண்டை கொஞ்ச நேரம் மறைந்துபோனது. அப்பா இரண்டிலும் கலந்துகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோட்டையை இறக்க வேண்டும். லிஃப்ட் வந்து நின்றது. அப்பா ஏற மறுத்துவிட்டார். லிஃப்ட் நிற்கும்போது ஒரு குலுக்கல் குலுக்கும், அது ஆகாது என்றார். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, பலகையோடு கோட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஐந்து மாடியும் படியில் இறங்கினார். தளும்பும் குடத்தைச் சுமப்பவர் மாதிரி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நின்று நின்று. சிமென்ட் பூசிய கோட்டைக்கு இவ்வளவு பயமா என்று நான் பின்னால் கறுவிக்கொண்டே வந்தேன்.

"சாமி பொறப்பாடு மாரி கீதே! சூடம் கொளுத்தட்டா?" என்று மாடியிலிருந்து அத்தை கத்தினாள். படியில் ஏறி வந்தவர்கள் நிஜமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பள்ளியில் இறக்கி வைத்ததும் அப்பா ஒன்றுதான் சொன்னார். "யாரையும் தொட விடாத."

சார் கோட்டையைச் சுற்றி இரண்டு முறை வந்தார். பிறந்தநாள் கேக் பேச்சே எழவில்லை. சன்னலுக்கு மேல் விரலை நீட்டி, ஐரோப்பாவில் கோட்டைக்கு சன்ஷேடு உண்டா என்று கேட்டார்.

"எங்க ஏரியாவுல சாரல் அடிக்கும் சார்" என்றேன்.

சிரித்துவிட்டார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, புகை விட்ட ஒரு எரிமலைக்குப் போனது. மேடையில் பரிசு டிபன் பாக்ஸை வாங்கும்போதும் என் மனது அந்தச் சாம்பல் சுவருக்குள் மாட்டிக்கொண்ட கற்களை எண்ணிக்கொண்டிருந்தது. கைதட்டினார்கள். திருட்டுப் பொருளுக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது எனக்கு.

சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "ஓரத்துல மெதுவா ஒரு தட்டு தட்டிப் பாரு. அடிக்காத" என்றார். வியாழக்கிழமை கத்தியதற்குப் பிறகு நான் அவரோடு பேசியிருக்கவில்லை.

நானும் அத்தையும் பள்ளியிலிருந்து கோட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பலகையை இரண்டு பக்கமும் பிடித்து, வழியில் நான்கு இடத்தில் இறக்கி வைத்து. அம்மா டீச்சர் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வந்தாள். மத்தியானத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. மூன்று பேரும் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்தோம். என் கையில் ஸ்க்ரூ டிரைவர், அத்தை கையில் அம்மிக் குழவி. அம்மா இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு, சப்பாத்திக் கட்டையால் கோபுரத்தின் ஓரத்தில், பயந்து பயந்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

அவித்த முட்டையின் ஓடு மாதிரி ஒரு பக்கத்துப் பூச்சு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே சிவப்புக் கற்கள் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

அம்மா இன்னொரு தட்டுத் தட்டினாள். மஞ்சள் சுவர் வெளியே வந்தது. நான் மூன்றாவது தட்டைத் தட்டினேன். பச்சை. அதற்குப் பிறகு தட்டவே தேவையில்லை, விரலால் நெம்பினாலே வந்தது. அம்மா முதலில் தலையில் கைவைத்துக்கொண்டாள், அப்புறம் சிரித்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"என் தம்பி வேலை செஞ்ச லட்சணத்தப் பாரு!" என்று அத்தை ஒரு சன்ஷேடைத் தூக்கிக் காட்டினாள். "கை வெச்சா உதுருது! இவன் பூசுன வூட்ல எவன்டி ஆணி அடிச்சி போட்டோ மாட்டுவான்?"

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் போட்டு, பழைய டூத்பிரஷால் இடுக்கில் இருந்த மணலைத் தேய்த்தோம். கற்கள் கொஞ்சம் வழவழவென்று வழுக்கின. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

பதினொன்றரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, நானும் அம்மாவும் கீழ்க்கட்டளைக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்தோம். டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தார். "ஐயோ, கழுவி வேற குடுத்திருக்கீங்களே! வாங்கினப்பகூட இவ்ளோ பளபளன்னு இல்ல" என்றார். திரும்பி நடக்கும்போது அம்மாவின் முதுகு நேராக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "ஒண்ணும் உடையலயே?"

அத்தைக்கு அது போதுமாக இருந்தது. சப்பாத்திக் கட்டையில் தட்டிய கதையை, அவர் வேலையின் லட்சணத்தை, இனி அவரை நம்பி வீடு கட்டப் போகிறவர்களின் கதியை எல்லாம் நடித்தே காட்டினாள். அப்பா நின்றபடி கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, கதவோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். தன் வேலை உதிர்ந்துபோனதற்கு ஒரு மனிதர் இப்படிச் சிரிப்பாரா, கொஞ்சம்கூட ரோஷம் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கோபம் போய்விட்டிருந்தது. பரிசாக வந்த டிபன் பாக்ஸை அவருக்கே கொடுத்தேன், பெரிய மனது பண்ணி.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் லேபில் கான்கிரீட் கட்டி வார்க்கச் சொன்னார்கள். இரும்பு அச்சைப் பூட்டி, கலவையை அள்ளப் போனேன். லேப் அசிஸ்டன்ட் அண்ணா தடுத்தார்.

"எண்ணெ தடவினியாமா? தடவாம போட்டா நாளைக்குக் கழட்ட வராது. அச்சைக் கட்டிப் புடிச்சிகினு அழணும்."

அவர் நீட்டிய பிரஷோடு நின்றேன். அரை பாட்டில் எண்ணெய் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கான்கிரீட் கொட்டும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது போல, ஒரு கல் விடாமல் தடவிவிட்டுத்தான் அவர் பூசியிருக்கிறார். எண்ணெய் தடவிய பிளாஸ்டிக்கில் கலவை வழுக்கி இறங்கும். அதைக் கோடு இழுத்து, சன்ஷேடு வைத்து நிற்க வைத்திருக்கிறார். லிஃப்ட் குலுக்கலுக்கு அவர் பயந்ததில் என்ன ஆச்சரியம்.

வராந்தாவுக்கு வந்து போன் செய்தேன். பின்னால் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யப்பா, அந்தக் கோட்டைக்கு எண்ணெ தடவினியா?"

"எந்தக் கோட்டை?" என்றார். பிறகு ஞாபகம் வந்து, "தடவாம பூசுவாங்களா?" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? அவ்ளோ கத்தினேனே!"

"இரும்புல கழண்டு வரும், பலகைல வரும். பிளாஸ்டிக்குல வருமா வராதான்னு எனக்கே தெரியாது பாப்பா. தெரியாதத எப்படி அடிச்சி சொல்றது?"

மெஷின் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை. லேபுக்குத் திரும்பி, அச்சின் நான்கு பக்கமும் எண்ணெய் தடவினேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பதினொன்றரை மணிக்கே சிரித்து முடித்துவிட்டோம். அவர் சாயங்காலம்வரை ஏதோ ஒரு வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டு, கல் வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் இருந்திருக்கிறார். கதவோரம் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பு எதற்கென்று, ஊருக்கெல்லாம் படித்துச் சொன்ன எனக்கு அன்று தெரியவில்லை.