ஒரு நூல் இடப்பக்கம்

சுலோச்சனா கடைசல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருடம், மாமனார் மணவாளன் கடைந்து போடும் பொம்மைகளுக்கு பெயிண்ட் அடிப்பதுதான் அவள் வேலை. உத்திரமேரூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் பட்டறை. மெஷின் முன்னால் கிடக்கும் முக்காலி மணவாளனுடையது. மொபெட்டிலிருந்து விழுந்து அவர் மணிக்கட்டு பிசகியதால் அது மருமகளுக்குக் கிடைத்தது. அவர் கைக்கட்டைப் பிரித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

மணவாளனுக்குப் பேச்சு வருமுன் இருமல் வரும். "க்ஹும். சக்கரம்னா வட்டமா இருக்கணும்மா. உன் தோச மாரி இல்ல."

"என் தோச வட்டமாத்தான் கீது மாமா. நீங்க துன்ற வேகத்துல உங்களுக்கு தெரில."

அந்த வீட்டில் ஒரு வழக்கம். நடைவண்டி செய்து முடித்ததும் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு தள்ளுவார்கள். வாசற்படி வரை தானாக நேரே ஓடினால்தான் அது வெளியே போகும்.

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் வகிதா டீச்சர் பன்னிரண்டு வண்டி கேட்டிருந்தார். முப்பத்தாறு சக்கரமும் சுலோச்சனா கடைந்தது. தள்ளிப் பார்த்தபோது எல்லாம் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கின. புருஷன் தமிழரசன் முன்சக்கரத்தை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடப்பக்கம் தட்டிவிட்டான். பன்னிரண்டும் அம்பு மாதிரி ஓடின. அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் போனில் வந்தார். மூச்சு விடாமல் பேசுகிறவர்.

"ஹலோ, கேக்குதா? வண்டி அயகாத்தான் கீதும்மா, ஆனா பன்னெண்டும் லெஃப்ட்லயே போவுது! புள்ளைங்க எல்லாம் பீரோவுல முட்டிக்கினு நிக்கிதுங்க! வெள்ளிக்கெயமக்குள்ள சரி பண்ணுங்க, இல்லாட்டி எடுத்துக்கினு போயிடுங்க, ஆமா!"

மணவாளன் இருமினார். "சக்கரம் வட்டமில்லன்னு அப்பவே சொன்னேன். வெள்ளிக்கெயம வரைக்கும் பாரு. சரியாவலன்னா நீ பெயிண்டுக்கே போயிடு. முக்காலி எனக்கு."

தமிழரசன் ஒரு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தான். சுலோச்சனா மூன்று சக்கரத்தையும் அளந்தாள். மயிரிழை பிசகவில்லை. தரையில் வைத்துத் தள்ளினாள். வாசற்படி வரை நேரே போய் நின்றது.

"நேராத்தானே போவுது!" என்று குதித்தான் தமிழரசன். "அந்த டீச்சரு வூட்டு தரதான் கோணல்!"

சுலோச்சனா குதிக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் போட்ட புதுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஓடிய முதல் வண்டிகள் இந்தப் பன்னிரண்டும்தான். கடைந்து வைத்திருந்த மரக்குண்டு ஒன்றை எடுத்துக் கீழே வைத்தாள். அது ஆடி அசைந்து வலப்பக்க மூலைக்கு உருண்டு, தண்ணீர் போகும் ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டம் வாங்கி வந்து வைத்தாள். குமிழி மேடான இடது ஓரத்துக்கு ஓடிப்போனது.

"மாமா, இந்த தர போடச்சொல்ல கொத்தனாரு பக்கத்துல யாரு நின்னுக்கினு இருந்தது?"

மணவாளன் கூரையைப் பார்த்தார்.

சுலோச்சனா தொண்டையைக் கனைத்தாள். அப்படியே மாமனார் குரல் வந்தது: "க்ஹும்! யோவ், வாட்டம் நல்லா குடுய்யா! கயுவி வுட்டா தண்ணி சர்ர்ருனு ஓடணும்!"

தமிழரசனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"நீ இன்னாய்யா சிரிக்கிற? சாஞ்ச தரையில நேரா ஓடணும்னு நீதான் தட்டி வுட்ட. சமமான தரையில அது கோணலாத்தானே போவும்?"

வியாழக்கிழமை காலை, திரும்பி வந்த வண்டி, கொட்டாப்புளிச் சுத்தியல், ரசமட்டம் மூன்றையும் தூக்கிக்கொண்டு அவளே பஸ் ஏறினாள். காப்பகத்து டைல்ஸ் தரையில் முதலில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. பிறகு பன்னிரண்டு முன்சக்கரத்தையும் ஒவ்வொரு நூல் வலப்பக்கம் திரும்பத் தட்டினாள். பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். கடகடகடவென்று பீரோவைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, ஊர்வலம் நேரே கேட்டுக்குப் போனது.

"அய்யய்யோ, புடிங்க புடிங்க! கேட்ட மூடுங்க!" என்று ஓடினார் டீச்சர். ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னார்: "இன்னும் இருவது வேணும்மா!"

அவள் வீடு திரும்பியபோது முக்காலியில் மணவாளன் உட்கார்ந்திருந்தார்.

"இருவது வண்டி மாமா. அறுவது சக்கரம்," என்று சொல்லிவிட்டு உளியைக் கையில் எடுத்தாள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஒரு இருமல் வந்தது. மணவாளன் மெதுவாக எழுந்து பெயிண்ட் டப்பாக்கள் பக்கம் போய் உட்கார்ந்து, பிரஷை எடுத்தார்.

"செவப்பா, பச்சையா?"

"மொதல்ல மஞ்சா. சொட்டு வுடாம அடிங்க மாமா," என்றாள் சுலோச்சனா, மோட்டாரைப் போட்டுக்கொண்டே.