இரண்டே முக்கால் கிகா

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘கிகா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது பேனர் அச்சிடும் கடை. பெரிய படங்களை அச்சு மிஷினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டரைக் கட்டியவர் அவர்.

ஏழு வருடங்களுக்கு முன், புதுசு வாங்க முடியாது என்று முதலாளி கைவிரித்துவிட்டார். கிகா, திரை உடைந்த ஒரு லேப்டாப்பிலிருந்து டூயல் கோர் பிராசஸரைக் கழற்றி, அதை ஏற்கும் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் மதர்போர்டில் பொருத்தினார். பேட்டரியில் ஓடப் பிறந்த சில்லு, சூடு குறைவு. அதனால் விரட்ட இடம் இருந்தது. இரண்டு கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை இரண்டே முக்காலில் ஓடவிட்டார். நாற்பது நிமிட வேலை அரை மணிக்குள் முடிந்தது. கடையே கைதட்டியது. அன்றைக்கே மாட்டிக்கொண்டார்.

மின்சாரம் போய் வந்தால் போர்டு எல்லாவற்றையும் மறந்து பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி ஏற்ற, மெமரியின் வேகத்தைக் குறைத்து, மின்னழுத்தத்தை இம்மியளவு கூட்டி, படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படிக்கும் அணைத்துப் போட வேண்டும். அவசரப்பட்டால் திரை கறுத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது அவர் கைக்கு மட்டுமே தெரியும். காய்ச்சலில் படுத்திருந்தவரையும் வண்டி அனுப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

மனைவி வேறொரு ஊரில் நர்ஸ். மகளும் அங்கேதான். ஆறு மணி நேர ரயில். அங்கே ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை பேசிவைத்திருந்தார் மனைவி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை, கிகா வேகத்தைத் தானே இறக்கி இரண்டுக்குக் கொண்டுவந்தார். இனி யார் பொத்தானை அமுக்கினாலும் ஓடும். நாலு மணிக்குக் கடைசி ரயில்; அதை விட்டால் மறுநாள் பத்துக்குள் போய்ச் சேர வழியில்லை. பை தயார்.

மதியத்துக்குள் கவுண்டரில் கூட்டம்.

“என்னப்பா, நத்தைக்குக் கால் சுளுக்கின மாதிரி போகுது?” என்றார் முதலாளி.

“இதான் அதோட சொந்த வேகம் சார். இதுலயே ஓட்டிக்கலாம். நான் கிளம்பணும்.”

“பரவாயில்ல, மெதுவா அடிச்சுக்கறோம். போயிட்டு வா.”

கிகா இதை எதிர்பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டினார்.

“இந்த டப்பாவுக்கா இவ்ளோ பில்டப்பு?” வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். “எங்க வீட்டு மிக்ஸி இதவிட வேகமா சுத்துமே!”

எல்லாரும் சிரித்தார்கள். ஏழு வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கும் டைப்பிங் அக்காவும் சிரித்தார்.

பை கீழே இறங்கியது. மணி மூன்று.

“பத்தே நிமிஷங்க்கா. காட்டிட்டுப் போயிடறேன்.”

“யாரு கேட்டா? கிளம்புங்க தம்பி, ரயில விட்ராதீங்க!”

படிகளைத் தாண்டி ஒரேயடியாக ஏற்றினார். திரை கறுத்தது. மறுபடி முதலிலிருந்து. காலையிலிருந்து ஓடிய சில்லு சூடாக இருந்தது, மீண்டும் கறுத்தது. மூன்றரை மணிக்கு இரண்டரை கிகாவில் நின்று ஓடியது. அதோடு எழுந்திருக்கலாம். எழவில்லை.

நாலு பத்துக்கு இரண்டே முக்காலைத் தொட்டார். மிக்ஸிக்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. மனைவி.

“உக்கார இடம் கிடைச்சுதா? எந்தப் பெட்டி?”

பின்னால் அச்சு மிஷின் தடதடத்தது.

“அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்,” என்றார் மனைவி. “பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

போன் கைமாறியது.