அக்காவின் வண்டிக்குக் கரண்டு

கோத்தகிரி எலக்ட்ரிகல் கடையின் மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வைத்திருந்த கேபிள் துண்டை அக்கா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலே தடித்த கறுப்பு உறை. உறை உரித்த இடத்தில் இரும்புக் கம்பிகள் நெருக்கமாகச் சுற்றியிருந்தன. அவற்றுக்குள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை உறைகளில் மூன்று செப்புக் கம்பிகள். வீட்டுக்கு இவ்வளவு கனமானது எதற்கு, சாதாரண ஒயரைப் பிளாஸ்டிக் பைப்பில் விட்டு இழுத்தாலே போதும் என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். துண்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

அக்கா ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். எஸ்டேட் ரோட்டில் ஜீப் கவிழ்ந்ததில் அவளுடைய வலது கால் நொறுங்கிப்போனது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் மறுபடி வேலைக்குப் போனாள். ஆனால் பஸ் படி அவளுக்கு மலையாகிவிட்டது. கண்டக்டர் கை கொடுப்பார், யாராவது இடுப்பைத் தாங்குவார்கள், பஸ்ஸில் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். அந்த அரை நிமிடத்தை நினைத்தே காலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பின்சக்கரம் இரண்டு வைத்த பேட்டரி ஸ்கூட்டரை அவள் வாங்கியது அதனால்தான்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் படியேறி அக்கா மேலே வந்துவிடுவாள். வண்டியைக் கீழே கொண்டுபோக வழி கிடையாது. ஆகவே ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, வீட்டிலிருந்து அங்கே ஒரு பிளக் பாயிண்டுக்குக் கரண்டு கொண்டுபோனோம். முதலில் வந்தவர் இரண்டு கம்பி ஒயரைத் தேயிலைச் செடிகளின் மேலாகவே இழுத்து, நடுவில் நீளம் போதாத இடத்தில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றிவிட்டுப் போனார். வெயில் காலம் முழுவதும் அது வேலை செய்தது. முதல் கனமழையில், சார்ஜில் நின்ற வண்டியைத் துணி போட்டு மூடப் போன அப்பாவைக் கரண்டு தூக்கியடித்தது. கை மரத்துப்போய் அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றோடு வண்டி நின்றது. வெயில் பட்டு ஒயரின் தோல் வெடித்திருந்தது, ஒட்டில் தண்ணீர் இறங்கியிருந்தது. எர்த் கம்பி இல்லாததால் சார்ஜரில் கசிந்த கரண்டு தரைக்குள் போக வழியில்லாமல் வண்டியின் உடம்பிலேயே நின்றிருந்தது. அக்கா இதையெல்லாம் தேடிப் படித்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. வண்டியை விற்றுவிடலாம், நானே தினமும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"கரண்டு நம்ம ஊட்டுக்குள்ளயுந்தானுங்கப்பா ஓடுது. அதுக்குப் பயந்துட்டு இருட்டுலயா உக்காந்திருக்கறோம்? சரியான ஒயரப் போட்டா அது பாட்டுக்குப் போவுமுங்க."

அதற்கு மேல் அப்பா வண்டியை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரமே அக்கா என்னை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

பைப்பு ஏன் சரிப்படாது என்று அவள் கடைக்காரருக்கு விளக்கினாள். எங்கள் சரிவில் மண் நகரும், பைப்பு நெளிந்து உடையும். காட்டுப்பன்றி கிளறும், முள்ளம்பன்றி கடிக்கும், களை வெட்டுகிறவர்களின் கொத்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே இரும்புக் கவசம் வேண்டும். எர்த்துக்கும் சேர்த்து மூன்று கம்பி வேண்டும். தூரம் அதிகம் என்பதால் கம்பி சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்ச் சேரும்போது கரண்டு இளைத்துவிடும். நடுவில் ஒட்டே கூடாது, ஒரே நீளமாக வேண்டும். கடைக்காரர் சிரித்தார். "நீங்க சொல்றதுதானுங்க சரி. எங்கூட்டுக்குன்னா நானும் இதத்தான் போடுவேன்" என்று சுருளை உருட்டிக்கொண்டு வந்தார்.

புது ஒயர்மேனும் நானும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினோம். மணல் பரப்பிக் கேபிளைக் கிடத்தி, மேலே செங்கல் அடுக்கி மூடினோம். கொட்டகையில் பிளக் பாயிண்டுக்கு மூடி போட்ட, தண்ணீர் புகாத பெட்டி. வீட்டுக்குள்ளே, கரண்டு கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் ட்ரிப்பர். ஒயர்மேன் அதன் பொத்தானை அமுக்கிக் காட்டினார், டப்பென்று சுவிட்ச் விழுந்து கரண்டு நின்றது. "மழ வந்து பொத்தானயா அமுத்தப்போகுது?" என்று கேட்டுவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

மழை ஐப்பசியில் வந்தது. விடிய விடியக் கொட்டித் தூறலாகக் குறைந்த ஒரு காலையில் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்குப் போன். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரமும் மண்ணும் விழுந்து பஸ் இல்லை, லேபுக்கு ஆள் யாரும் வந்து சேரவில்லை, பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே ரத்தம் பரிசோதிக்க வேண்டும். கொட்டகையைத் திறக்க அப்பா முன்னால் போனார். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். இரவில் சரிவு ஒரு வாய் மண்ணை இழுத்துக்கொண்டு போயிருந்தது. செங்கற்கள் சிதறிக் கிடந்தன. வெட்டவெளியில் எங்கள் கேபிள் கரைக்குக் கரை தொங்கிக்கொண்டிருந்தது; ஒரு செடி வேரோடு அதில் சாய்ந்து கிடந்தது.

நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். முந்தின மாலையே சார்ஜ் ஏறியிருந்ததால் வண்டிக்கு அப்போது கரண்டு தேவைப்படவில்லை. ரோட்டில் மண் விழுந்த இடமும் மருத்துவமனைக்கு அப்பால்தான். அக்கா நனைந்துகொண்டே படியேறினாள், வண்டியை எடுத்தாள், பனிமூட்டத்துக்குள் அதன் சிவப்பு விளக்கு மறைந்தது.

பகலில் ஒயர்மேன் வந்து மீட்டர் வைத்துக் கேபிளை முழுதாகச் சோதித்தார். உறையில் சிராய்ப்புக்கூட ஆழமாக இல்லை. கவசம் தாங்கிவிட்டது. உள்ளே ஒரு குறையும் இல்லை என்றார். அப்பா நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொன்னார். அவரும் சிரிக்காமல் மறுபடி சோதித்தார். மண்ணைக் கொட்டி மூடி முடித்தபோது மாலையாகிவிட்டது.

அக்கா திரும்பி வந்தாள். குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிழைத்துக்கொண்டாள் என்று வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொன்னாள். இரண்டு வேளை சாப்பிடாத முகம் அது. ஆனால் அப்படி ஒரு வெளிச்சத்தை அதில் நான் பார்த்ததில்லை. அப்பா குடையை என்னிடம் கொடுத்தார். அவள் கையிலிருந்த சார்ஜரை வாங்கி, துணியால் துடைத்து, பெட்டி மூடியைத் தூக்கித் தாமே பிளக்கைச் செருகினார். "போ சாமி, போய்ச் சாப்புடு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

இப்போது எங்கள் வரிசையில் பல வீடுகளில் பேட்டரி வண்டி இருக்கிறது. கொட்டகைக்குக் கரண்டு இழுக்க நினைக்கிற யாரும் அப்பாவைக் கேட்காமல் கடைக்குப் போவதில்லை. சென்ற வாரம் வந்த பக்கத்து வீட்டுக்காரர், பைப்புக்குள் சாதாரண ஒயர் விட்டால் என்ன என்று கேட்டார். அப்பா அவரைப் பரிதாபப்பட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்கூட்டுப் புள்ள தொடுற வண்டியுங்க அது" என்றவர், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவைக் கை காட்டினார். "எம் மககிட்டக் கேளுங்க. எனக்கே அவதான் சொன்னா."

அக்கா நிற்கவில்லை. நேரமாகிவிட்டது. ஹார்னை ஒருமுறை அடித்துவிட்டு, ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்த பஸ்ஸைத் தாண்டிப் போனாள்.