ஊரே எரியுது, பிள்ளை ஒரு பையனுக்கு அழுவுது

இன்னிக்கு கிள்ளானிலிருந்து கோமூட்டர் ரயிலில் வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பிள்ளை, மடியில் புத்தகத்தை வச்சிக்கிட்டு அழுதுச்சு.

"ஏம்மா, வீட்ல ஏதும் பிரச்சனையா?"

"இல்ல அங்கிள், கதை."

வருங்காலத்தில் ஒரு நாடாம். ஊரடங்கு போட்டு, சோத்தை அளந்துதான் கொடுப்பாங்களாம். எதிர்த்துப் பேசின ஊரையே கொளுத்திட்டாங்களாம். பிள்ளை அழுதது அதுக்கில்லை. ஒரு பையன், கதாநாயகியைத் தப்பிக்க வச்சிட்டு அவன் மாட்டிக்கிட்டானாம்.

"ஊரே எரியுது, நீ அவனுக்கா அழுவுற?"

"ஊருக்கே எப்படி அங்கிள் அழுவுறது? ஒருத்தனுக்குத்தான் அழ வருது. நீங்க ஊரடங்கு பார்த்திருப்பீங்கல்ல? என்ன ஞாபகம் இருக்கு?"

அறுபத்தொன்பது கலவரத்து ஊரடங்கு, எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. பட்டாளத்து லோரி, ரெண்டு மணி நேரம் மட்டும் திறந்த மளிகைக்கடை. ஆனா வாயில் முதலில் வந்தது ஒரு பச்சைப் பாவாடை. அரிசி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ன பொண்ணு. என் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். அவ வாங்கினதோட அரிசி தீர்ந்துடுச்சு. பேர்கூட கேட்கலை.

"அப்ப நீங்கதான் ஹீரோ லா அங்கிள்!"

ஹீரோவா? அன்னிக்கு என் தங்கச்சி வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டுப் படுத்துச்சு.

பிரிக்பீல்ட்ஸ்ல இறங்கி நடக்கும்போதும் குழப்பம் தீரலை. பசிச்ச தங்கச்சி இருக்க, பாவாடை ஏன் முன்னால வந்துச்சு?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் பேசுறதை இந்தப் போன் எழுதுது, வர்ற பதிலையும் படிச்சுக் காட்டும். தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க. பூச்சோங்ல இருக்கிற தங்கச்சிக்கு மட்டும் யாரும் படிச்சுக் காட்டிடாதீங்க. பட்டாளத்துக்காரன் வரிசையைக் கலைச்சிட்டான், அதான் அரிசி கிடைக்கலைன்னு அன்னிக்கு நான் சொன்னதை அவ இன்னும் நம்புறா.