பூ விழாத காலை

குடியை விட்ட பிறகுதான் எனக்கு உலகம் மங்கலாகத் தெரிந்தது. ஓசூர்ப் பக்கத்து மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பாகலூர் ரோட்டில் காலைப் பனிக்குள் கம்பெனி பஸ்கள் விளக்கோடு மிதந்து போகும். வெயில் வந்தால் பனி கலையும். எனக்குள் இருந்தது கலையாது. சோறு மண்ணாக இருந்தது. தூங்கினால் அப்படியே எழாமல் போனால் தேவலை என்று தோன்றும்.

இல்லத்து டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். "குடி ஒரு நோய். இந்த மனச்சோர்வு இன்னொண்ணு. அது போனா இதுவும் கூடவே போயிடாது. மாத்திரைய வீட்டுக்குப் போனதும் விடாம போடுங்க."

நான் ஒன்றுகூட விழுங்கவில்லை. போதை எதையும் இனித் தொடமாட்டேன் என்று மாரியம்மன் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து, மஞ்சள் கயிறு கட்டியிருந்தேன். மனசை மாற்றுகிற மாத்திரையும் போதைதானே என்று பயம். மனைவி கொடுப்பதை வாங்கிச் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிடுவேன்.

களை பிடுங்கப் போனவள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, செடிக்கு மனசு சரியில்லையா?"

கயிற்றைக் காட்டினேன். சாகத் தோன்றுவதையும் அன்றுதான் சொன்னேன். மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள்.

"கெளம்புங்க. அந்த ஆத்தாளையே கேட்டுடலாம்."

எங்கள் பக்கம் பூ கேட்பது வழக்கம். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் என்றால் மறுப்பு. பூசாரி வைத்தார். விளக்கு அசைந்தது, பூ அசையவில்லை. எங்கோ தண்ணீருக்கடியில் மணி அடிப்பதுபோல் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றோமோ.

"போன வருசம் நாய் கடிச்சப்ப ஊசிக்குப் பூ கேட்டியாப்பா?" என்றார் பூசாரி.

"அதுல போதை இல்லியே சாமி."

"இதுல இருக்குன்னு யார் சொன்னா? டாக்டரம்மாவ கேட்டியா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவேயில்லை.

மனைவி அங்கேயே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா குரல் கருவறை வரை கேட்டது. "இது போதை மாத்திரை இல்லம்மா. அவர் சத்தியம் கெடாது. சாகணும்னு தோணுதுன்னா தள்ளிப்போடாதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க."

"பூ இன்னும் விழலியே" என்றேன்.

"வேண்டான்னும் சொல்லலியே. வாங்க" என்றாள் மனைவி.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, கயிறு கட்டிய கையை இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று டாக்டரம்மா எதிரிலேயே முதல் மாத்திரையை, தாயே என்று சொல்லி விழுங்கினேன். சில வாரம் கழித்து ஒரு நாள் சோறு சோறாக ருசித்தது.

அந்தப் பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று இன்றுவரை பூசாரியை நான் கேட்டதில்லை.